ஷஃபிள ஆஃப் பண்ணிட்டு கேட்ட பழைய ஆல்பங்கள்

பிளேலிஸ்ட்லயே பழகிட்ட காது என்னோடது. ஒரு பாட்டு புடிச்சா அத மட்டும் எடுத்து வெச்சுக்கறது, அதுக்கு முன்னாடி என்ன பாட்டு, பின்னாடி என்ன பாட்டுன்னு திரும்பிக் கூட பாக்கறதில்ல, வருஷக்கணக்கா இப்படியே ஓடுச்சு. மியூசிக் படிச்சவன் இல்ல நான், எந்த வாத்தியமும் தெரியாது, கேக்கப் புடிக்கும் அவ்ளோதான். ஏழெட்டு மாசம் முன்னாடி ஒரு முடிவு பண்ணேன், எல்லாரும் கிளாசிக் கிளாசிக்னு சொல்ற ஆல்பங்கள ராத்திரி ஒண்ணு, ஷஃபிள் போடாம, தாண்டாம, ஹெட்போன் மாட்டிட்டு முதல் பாட்டுலேர்ந்து கடைசி வரைக்கும் கேக்கணும், ஒவ்வொண்ணையும் குறைஞ்சது மூணு தடவ கேட்டுட்டு தான் புடிச்சுதா இல்லையான்னு சொல்லணும். அப்படி கேட்டதுல மனசுல நின்னத எழுதறேன், நிக்காத ஒண்ணு ரெண்டையும் சேத்து. ஸ்டார் எல்லாம் போடல, மூணு தடவைக்கு மேல எத்தன தடவ நானா திரும்பிப் போனேன்ங்கறது தான் என் கணக்கு.

மைல்ஸ் டேவிஸோட கைண்ட் ஆஃப் ப்ளூல ஆரம்பிச்சேன், 1959ல வந்தது. ஜாஸ்னாலே எனக்கு ஒரு தயக்கம் உண்டு, எல்லாரும் ஒரே நேரத்துல அவசரமா பேசற மாதிரி இருக்கும், நமக்கு உள்ள நுழைய எடமே கிடைக்காது. இதுல அது இல்லவே இல்ல. அஞ்சே டிராக், மொத்தம் முக்கா மணி நேரம். சோ வாட் ஆரம்பிக்கும்போது பியானோவும் பாஸும் தூக்கக் கலக்கத்துல ரெண்டு பேர் பேசிக்கற மாதிரி தயங்கித் தயங்கி வரும், அப்புறம் பாஸ் ஒரு கேள்வி கேக்கும், மத்தவங்க சேந்து ரெண்டே தட்டுல பதில் சொல்லுவாங்க, அவ்ளோதான் பாட்டு. கர்நாடக சங்கீதம் கொஞ்சம் காதுல பட்டவங்களுக்கு ஒரு விஷயம், அவங்க டோரியன்னு சொல்ற ஸ்கேல் நம்ம கரகரப்ரியா சுரங்கள் தான். 16 பார் (தாளச் சுத்து) அதுலயே சுத்திட்டு, அப்படியே அரை சுரம் மேல தூக்கி அதே ஸ்கேல்ல 8 பார், திரும்ப கீழ எறங்கி 8 பார். கமகம் இல்லாததால ராகம்னு சொல்ல மாட்டேன், ஆனா ஒரே சுரக்கூட்டத்துக்குள்ள நிதானமா உலாத்தறதுன்னா என்னன்னு நம்ம காதுக்கு ஏற்கனவே தெரியும், அதனாலயோ என்னவோ எனக்கு ஜாஸ்ல முதல்ல தொறந்த கதவு இது தான். ஜான் கோல்ட்ரேனும் கேனன்பால் ஆடர்லியும் ரெண்டு பேருமே சாக்ஸ், ஒருத்தர் எதையோ தேடற மாதிரி வாசிப்பாரு, இன்னொருத்தர் கெடச்சிருச்சுன்னு சிரிக்கற மாதிரி வாசிப்பாரு, ரெண்டாவது தடவ கேக்கும்போது யார் எவர்னு நமக்கே பிடிபட்டுரும். எனக்கு ரொம்ப புடிச்சது ப்ளூ இன் க்ரீன். ஃப்ரெடி ஃப்ரீலோடர் மட்டும் கொஞ்சம் சாதாரணமா பட்டுச்சு.

மார்ச் 2, ஏப்ரல் 22, ரெண்டே நாள்ல ரெக்கார்ட் பண்ணிருக்காங்க. முதல் நாள் ஓடின டேப் மெஷின் கொஞ்சம் மெதுவா ஓடிருக்கு, யாரும் கவனிக்கல, அத அப்புறம் சரியான ஸ்பீட்ல போடும்போது முதல் பக்கத்து மூணு பாட்டும் ஒரு இழை ஸ்ருதி ஏறிப் போச்சு. 30 வருஷத்துக்கு மேல உலகமே அந்த ஏறின ஸ்ருதியில தான் கேட்டுட்டு இருந்துச்சு, 1992 பதிப்புல தான் சரி பண்ணாங்க. இத படிச்சதுலேர்ந்து எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கிச்சு, ஒவ்வொரு ஆல்பத்துலயும் கை தவறின எடம் எங்கன்னு தேட ஆரம்பிச்சேன். தேடத் தேட, எனக்கு ரொம்ப புடிச்ச எடங்கள்ல பாதி அது மாதிரி எடமாவே இருந்துச்சு.

மார்வின் கேயோட வாட்ஸ் கோயிங் ஆன் (1971) அப்படித்தான். தலைப்புப் பாட்டுல அவர் குரல் ரெண்டா கேக்கும், ஒண்ணு பாடும், இன்னொண்ணு அதுக்குப் பக்கத்துலயே கொஞ்சம் வேற மாதிரி பாடி ஆறுதல் சொல்லும், ஒரே மனுஷன் தனக்குத்தானே தோள்ல கை போட்டுக்கற மாதிரி இருக்கும். அது பிளான் பண்ணது இல்ல. ரெண்டு டேக் பாடிருக்காரு, எது நல்லாருக்குன்னு ஒண்ணொண்ணா கேக்கலாம்னு இருந்தப்ப இன்ஜினியர் தவறுதலா ரெண்டையும் ஒண்ணா ஓட விட்டுட்டாரு, கேட்டதும் இவருக்குப் புடிச்சுப் போய் அப்படியே வெச்சுட்டாரு. அதுக்கப்புறம் அவரோட பாட்டு முறையே அதுவாயிடுச்சு. ஆரம்பத்துல வர்ற அந்த சாக்ஸ் கூட, வாசிக்க வந்தவர் சும்மா வார்ம் அப் பண்ணிட்டு இருந்தது தான்.

மார்வினோட தம்பி வியட்நாம் போர்லேர்ந்து திரும்பி வந்து சொன்ன கதைகள் தான் ஆல்பத்தோட அடிவயிறு. மோடவுன் ரெக்கார்ட் கம்பெனி தலைவருக்கு இந்தத் தலைப்புப் பாட்டு புடிக்கல, இது ஓடாதுன்னாரு, சிங்கிளா, அதாவது தனிப் பாட்டா, வந்து பெருசா ஓடினதும் தான் முழு ஆல்பத்துக்கு வழி பொறந்துச்சு. இத தனித்தனிப் பாட்டா கேட்டா பாதி போயிடும்ங்க, நிஜமா சொல்றேன். ஒரு பாட்டு முடியற எடத்துல அடுத்த பாட்டு ஏற்கனவே ஆரம்பிச்சிருக்கும், 35 நிமிஷமும் ஒரே மூச்சு, போரு, மண்ணு, காத்து, பசங்க, சாமின்னு கவலை ஒண்ணுலேர்ந்து ஒண்ணுக்கு தாவிட்டே போகும், ஆனா இசை எங்கயும் குரல ஒசத்தாது. ஜேம்ஸ் ஜேமர்சனோட பாஸ மட்டும் ஒரு தடவ தனியா பின்தொடர்ந்து கேளுங்க, கீழ இன்னொரு பாட்டு ஓடிட்டு இருக்கும். திரும்பிப் போன கணக்குல இது தான் எனக்கு முதல் எடம், எண்ணவே இல்ல, அவ்வளவு தடவ.

பெட் சவுண்ட்ஸ் (1966), பீச் பாய்ஸ். முதல் தடவ கேட்டப்ப எனக்கு ஏமாத்தமா இருந்துச்சு, ஏன்னா இத பத்தி படிச்சது அவ்வளவு பெருசு, கேட்டது என்னவோ 36 நிமிஷம் இனிப்பா, நெருக்கமா, கொஞ்சம் நெரிசலா. ரெண்டாவது தடவ கேட்ட அன்னைக்கு ரெண்டு காதுக்கும் ஒரே சத்தம் வர்ற மோனோ பதிப்ப போட்டேன், அப்ப தான் புரிஞ்சுது. இத உருவாக்கின ப்ரையன் வில்சனுக்கு ஒரு காது கேக்காம இருந்துச்சு, அதனால ஸ்டீரியோன்னு ஒண்ணு அவருக்கு அனுபவத்துலயே கெடையாது, எல்லா வாத்தியத்தையும் ஒரே புள்ளியில குழைச்சு ஒரு புது வாத்தியம் மாதிரி பண்றது தான் அவர் வேலையா இருந்துச்சு. அக்கார்டியனா ஆர்கனா கிட்டாரான்னு பிரிச்சுப் பாக்க முடியாத ஒரு சத்தம் வரும், பிரிக்கக் கூடாதுங்கறது தான் நோக்கம். சைக்கிள் பெல்லு, ஹாரன், கடைசி பாட்டு முடிஞ்சதும் ரயில் போற சத்தமும் அவர் வீட்டு நாய்ங்க குலைக்கறதும். 1997ல வந்த ஸ்டீரியோ மிக்ஸ் தெளிவா இருக்கு, ஒவ்வொண்ணும் தனியா கேக்குது, ஆனா எனக்கு மோனோ தான். ஹியர் டுடேன்னு ஒரு பாட்டு, அதுல நடுவுல வாத்தியம் மட்டும் வர்ற எடத்துல ஸ்டூடியோல யாரோ பேசறது அடியில மெல்லிசா கேக்கும், உன்னிப்பா கேட்டா மாட்டும். அவ்வளவு நுணுக்கம் பாத்த ஆளோட ரெக்கார்டுல அந்த பேச்சு அப்படியே தங்கிப் போச்சேன்னு எனக்கு ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு.

பிங்க் ஃப்ளாய்டோட டார்க் சைட் ஆஃப் தி மூன் பத்தி எல்லாரும் எல்லாம் எழுதியாச்சு. 1973ல வந்து அமெரிக்க சார்ட்ல 1988 வரைக்கும் மொத்தம் 741 வாரம் இருந்துச்சு. இதய துடிப்புல ஆரம்பிச்சு இதய துடிப்புலயே முடியும், நடுவுல எங்கயும் இடைவெளி கெடையாது, அதனால உங்க ஆப்ல கேப்லெஸ்னு ஒரு செட்டிங் இருந்தா அத ஆன் பண்ணாம இத கேக்காதீங்க, பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவுல அரை நொடி வெட்டு விழுந்தா கூட கனவுலேர்ந்து தட்டி எழுப்பின மாதிரி ஆயிடும். மனி பாட்டு ஏழு எண்ணிக்கை, தகிட தகதிமின்னு தொடையில தட்டிட்டே கேட்டா உக்காந்துரும், கிட்டார் தனி ஆவர்த்தனம் வரும்போது நாலுக்கு மாறும், அந்த மாத்தம் மேடுபள்ளத் தெருவுலேர்ந்து நல்ல ரோட்டுக்கு ஏறின மாதிரி.

என் குறைய சொல்லிடறேன். இந்த ஆல்பம் எனக்குக் கொஞ்சம் அளவுக்கு மீறி மெருகேத்தினதா படுது. எல்லாம் அந்தந்த எடத்துல இருக்கு, வியப்பா தான் இருக்கு, ஆனா மனசு கரையற எடம் எனக்கு ஒண்ணே ஒண்ணு தான், தி கிரேட் கிக் இன் தி ஸ்கை. வார்த்தையே இல்லாம அந்தப் பொண்ணு கதறும் பாருங்க, கிளேர் டோரின்னு பேரு, அன்னைக்கு ஸ்டூடியோவுக்கு கூப்பிட்டப்ப தான் பாட்டையே கேட்டாங்க. என்ன பாடணும்னு யாருக்கும் தெரியாது, வாத்தியம் மாதிரி பாடிப் பாக்கறேன்னு மனசுக்கு வந்தத பாடிட்டு, ஏதோ அதிகமா கத்திட்டோமோன்னு சங்கடத்தோட கெளம்பிட்டாங்க. கூலி 30 பவுண்டு. அந்த மெட்டே அவங்க அங்க நின்னு கண்டுபிடிச்சது, அதுக்கான பேரு கெடைக்க அவங்க 2004ல வழக்கு போட வேண்டி வந்துச்சு, அடுத்த வருஷம் சமரசம் ஆகி இப்ப பாட்டுல அவங்க பேரும் சேந்து வருது. இது தெரிஞ்சப்புறம் அந்த அஞ்சு நிமிஷத்த என்னால வேற வேலை பாத்துட்டே கேக்க முடியல.

மெருகுன்னு சொன்னேன்ல, ஆனா மைக்கேல் ஜாக்சனோட த்ரில்லர்ல (1982) மெருகு எனக்கு உறுத்தவே இல்ல. ஏன்னா அங்க மெருகே தான் உயிரு. பில்லி ஜீனோட மிக்ஸ 91 தடவ பண்ணிப் பாத்துட்டு, கடைசியில ரெண்டாவதா பண்ணதே போதும்னு அதையே வெச்சாங்கன்னு அத மிக்ஸ் பண்ண ப்ரூஸ் ஸ்வெடியனே சொல்லிருக்காரு. அந்த ட்ரம்ஸும் பாஸும் முதல் ஒரு நிமிஷம் பண்ற வேலைக்கு ஈடா நான் எதையும் கேட்டதில்ல, உடம்பு தானா ஆடும். 9 பாட்டுல 7 சிங்கிள். பீட் இட்ல எடி வான் ஹேலன் காசே வாங்காம வாசிச்ச அந்த கிட்டார் சோலோ வந்துட்டுப் போற வேகம் இருக்கே. தி கேர்ள் இஸ் மைன மட்டும் நான் மூணு தடவையும் பொறுத்துக்கிட்டேன், அவ்ளோதான் சொல்ல முடியும்.

ஃப்ளீட்வுட் மேக் குழுவோட ரூமர்ஸ் (1977) பத்தி கொஞ்சமா சொல்றேன், பாட்டெல்லாம் ரொம்ப நல்ல பாட்டு, ட்ரீம்ஸ் எத்தன தடவ கேட்டாலும் சலிக்காது, ஆனா ஆல்பமா அது எனக்கு ஒரே வீடு மாதிரி இல்ல, ஒரு வீட்டுல கதவ சாத்திக்கிட்டு தனித்தனி ரூம்ல இருக்கறவங்க மாதிரி தான் இருக்கு. உண்மையும் அது தான், குழுவுல இருந்த அஞ்சு பேர்ல ரெண்டு ஜோடி பிரிஞ்சிட்டு இருக்கு, அஞ்சாவது ஆளுக்கும் கல்யாணம் முறியுது, அப்படியும் தினம் ஒண்ணா உக்காந்து ஒருத்தர பத்தி ஒருத்தர் எழுதின பாட்டுக்கு அவங்களே வாசிச்சுக் குடுக்கறாங்க. தி செயின் மட்டும் அஞ்சு பேர் பேரும் சேந்து இருக்கற ஒரே பாட்டு, அதுல கடைசியில பாஸ் தனியா எழுந்து வர்ற எடத்துல தான் எல்லா ரூம் கதவும் ஒரே நேரத்துல தொறக்கற மாதிரி இருக்கும்.

கேப்டன் பீஃப்ஹார்ட்டோட ட்ரவுட் மாஸ்க் ரெப்ளிகா (1969) எனக்கு ஒட்டல. 28 டிராக். மூணு தடவ முழுசா கேட்டேன், விதிய மீறல. ஆளாளுக்கு வேற வேற பாட்டு வாசிக்கற மாதிரி இருக்கு, ஆனா அது மாசக்கணக்குல ஒரே வீட்டுல அடைஞ்சு கெடந்து ஒவ்வொரு சுரமா ஒத்திகை பாத்து வாசிச்சதாம், பெரும்பாலும் எதுவும் தற்செயல் இல்ல. அதனால தானோ என்னவோ எனக்கு மூச்சு முட்டுச்சு. இத உயிரா நெனைக்கறவங்க இருக்காங்க, அவங்க காதுக்கு மாட்டறது என் காதுக்கு மாட்டல.

நாஸ்ங்கற ராப்பரோட இல்மாட்டிக் (1994) எனக்குப் பயந்துட்டே போன ஆல்பம், ஏன்னா ராப்ல வேகமா வர்ற இங்கிலீஷ், அதுலயும் நியூயார்க் தெருப் பேச்சு, முதல் தடவ கால்வாசி கூட புரியல. ரெண்டாவது தடவ வரிகள பக்கத்துல வெச்சுட்டு படிச்சுட்டே கேட்டேன், அப்ப தான் அசந்து போனேன், நாஸுக்கு அப்ப வயசு 20. க்வீன்ஸ்பிரிட்ஜ் குடியிருப்புல ஜன்னல் ஓரமா உக்காந்து தெருவ பாக்கற பையன் கண்ணு வழியா எல்லாம் வரும், தத்துவம் பேச மாட்டான், பாத்தத சொல்லுவான், யாரு ஓடினா, யாரு உள்ள போனா, யாரு இன்னும் வரல. எதுகை மோனை எல்லாம் வரிக் கடைசியில மட்டும் இல்ல, வரிக்குள்ள ரெண்டு மூணு எடத்துல வந்து விழும், நம்ம காதுக்கு அந்த சொகம் நல்லாவே தெரியும். என்ஒய் ஸ்டேட் ஆஃப் மைண்ட் தொடங்கும்போது எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியலன்னு முணுமுணுப்பாரு, அது நடிப்பு இல்ல, நிஜமாவே தெரியாம சொன்னது, சொல்லிட்டு அந்த முதல் பகுதி முழுசையும் ஒரே டேக்ல சொல்லி முடிச்சாருன்னு அந்தப் பாட்டுக்கு பீட் பண்ண டிஜே ப்ரீமியர் சொல்லிருக்காரு. 40 நிமிஷத்துக்குள்ள ஆல்பமே முடிஞ்சுரும், ஒரு பாட்டு கூட கூடுதல் இல்ல. லைஃப்ஸ் எ பிட்ச் முடிவுல வர்ற கார்னெட் (ட்ரம்பெட் மாதிரி ஒரு வாத்தியம்) வாசிச்சது நாஸோட அப்பா ஓலு டாரா, சாவ பத்தி பையன் பேசி முடிச்சதும் அப்பா வந்து அமைதியா வாசிச்சுட்டுப் போறாரு.

பியூனா விஸ்டா சோஷியல் கிளப் (1997) நடக்கறதுக்கே ஒரு சொதப்பல் தான் காரணம். ஆப்பிரிக்காவுல மாலி நாட்டுலேர்ந்து ரெண்டு கலைஞர்கள் ஹவானாவுக்கு வந்து கியூபாக்காரங்களோட சேந்து வாசிக்கறது தான் திட்டம். விசா சிக்கல்ல அவங்க வர முடியல. ஸ்டூடியோ புக் பண்ணியாச்சு, அமெரிக்க கிட்டார் கலைஞர் ரை கூடர் வந்து நிக்கறாரு, சரி இங்க இருக்கற பழைய ஆளுங்கள கூப்பிடுவோம்னு தேடிப் போறாங்க. காம்பே செகுண்டோ, 1907ல பொறந்தவரு, 90ஐ நெருங்கிட்டு இருக்காரு. ரூபன் கோன்சாலஸ், 70 தாண்டினவரு, வீட்டுல பியானோவே இல்லாம வருஷக்கணக்கா இருந்தவரு, காலைல ஸ்டூடியோ தொறக்கும்போதே வாசல்ல வந்து நிப்பாராம். இப்ராஹிம் ஃபெரர் பாடறத விட்டுட்டு ஷூ பாலிஷ் போட்டு காலத்த ஓட்டிட்டு இருந்தவரு. 1996 மார்ச்ல ஆறே நாள்ல பண்ணி முடிச்சாங்க, எல்லாரும் ஒரே ரூம்ல சுத்தி உக்காந்து. அந்த ரூம நீங்க கேக்கலாம், நெசமா, குரலுக்குப் பின்னாடி சுவரு எவ்வளவு தூரத்துல இருக்குன்னு காதுக்குத் தெரியுது. சான் சான் நாலே கார்டு, திரும்பத் திரும்ப, அதுலயே மயங்கிரலாம். பாஷை ஒரு வார்த்த புரியல, டோஸ் கார்டெனியாஸ் கேட்டப்ப மட்டும் ஏன்னு தெரியாம தொண்ட அடைச்சுது. வீட்டுல பெரியவங்க இருந்தா சத்தமா போடுங்க, இந்த ஆல்பத்த யாரும் நிறுத்தச் சொல்ல மாட்டாங்க.

இளையராஜாவோட ஹவ் டு நேம் இட் (1986) இந்த வரிசையில வரணும்னு எனக்கு மனசு. தியாகராஜருக்கும் ஜெர்மன் இசையமைப்பாளர் பாஹுக்கும் காணிக்கையா பண்ணது. ஐ மெட் பாஹ் இன் மை ஹவுஸ்ல பாஹோட வயலின் பார்ட்டிட்டா பிரலூட் ஓடிட்டு இருக்கும்போதே வி.எஸ்.நரசிம்மனோட வயலின் நம்ம பாணியில உள்ள வந்து பேசும், ரெண்டும் ஒண்ணையொண்ணு முட்டாது. எல்லா டிராக்கும் அந்த ஒசரத்துல இல்ல, சிலது யோசனை நல்லாருந்தும் சட்டுன்னு முடிஞ்ச மாதிரி இருக்கு. பாஹோட கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ (கடைசியில சொல்றேன்) கேட்டுட்டு இதுக்கு வந்தா இன்னும் நல்லா புரியும், எனக்கு அப்படித்தான் ஆச்சு.

கோல்ட்ரேன் பேரு மேல வந்துச்சுல்ல, அவரோட எ லவ் சுப்ரீம் 1964 டிசம்பர் 9, ஒரே நாள்ல பண்ணது, நாலு பகுதி, 33 நிமிஷம். முதல் பகுதியில நாலு சுரத்துல ஒரு சின்ன சொற்றொடர் வரும், அத எடுத்துட்டு ஒவ்வொரு ஸ்ருதிக்கா மாத்தி மாத்தி வாசிப்பாரு, எங்க போனாலும் அதே பேரச் சொல்ற மாதிரி, அப்புறம் வாத்தியத்த வெச்சுட்டு குரல்லயே அத ஓதுவாரு. நடு ரெண்டு பகுதி எனக்கு இன்னும் முழுசா வசப்படல. ஆனா நாலாவது, சாம் (Psalm)னு பேரு, அது வேற. உறையில ஒரு கவிதை அச்சடிச்சிருக்கும், அவர் எழுதின பிரார்த்தனை, அத அசை அசையா சாக்ஸ்ல படிக்கறாரு. தாளம் இல்ல, ட்ரம்ஸ் சும்மா கடல் மாதிரி கீழ உருளுது. நமக்கு இது விருத்தம்ங்க, வேற ஒண்ணும் இல்ல. நாதஸ்வரத்துல கீர்த்தனை வாசிக்கும்போது தெரிஞ்ச சாகித்யம் காதுல தானா ஓடும்ல, அந்த மாதிரி கவிதைய கையில வெச்சுட்டு கேட்டா வாத்தியம் வார்த்த சொல்றது கேக்கும். மூணாவது தடவ அப்படி கேட்டேன், கேட்டு முடிச்சு ரொம்ப நேரம் ஹெட்போன கழட்டல.

தி கோல்ன் கான்சர்ட் கதை பலருக்குத் தெரிஞ்சிருக்கும். 1975 ஜனவரி 24, ஜெர்மனி கோல்ன் நகரத்து ஓப்பரா ஹால், ராத்திரி பதினொன்றரைக்கு கச்சேரி, ஏற்பாடு பண்ணது வெரா பிராண்டஸ்னு ஒரு 18 வயசுப் பொண்ணு. கீத் ஜாரட் கேட்டது ஒரு பெரிய பியானோ, மேடையில இருந்தது ஒத்திகைக்கு வெச்சிருக்கற சின்ன பியானோ, மேல் சுரம் எல்லாம் தகரம் மாதிரி, கீழ்ப்பக்கம் பலமே இல்ல, பெடல் சரியா வேலை செய்யல. முதுகு வலி வேற, தூக்கமும் இல்ல, வாசிக்க மாட்டேன்னு கெளம்பிட்டவர அந்தப் பொண்ணு தான் பேசி திருப்பி கூட்டிட்டு வந்துச்சு. எதுவும் எழுதி வெச்சுக்காம, அங்கயே யோசிச்சு, 66 நிமிஷம். இந்த கதைய படிச்சுட்டு கேட்டா ஒவ்வொரு முடிவும் புரியும், ஏன் நடுப் பகுதியிலயே சுத்தறாரு, ஏன் இடது கை ஒரே தாளத்த விடாம இடிச்சுட்டே இருக்கு, கீழ சத்தம் வராததால திரும்பத் திரும்ப அடிச்சு வர வைக்கறாரு. முதல் பகுதி 26 நிமிஷம், அதுல ஏழாவது எட்டாவது நிமிஷத்துக்கு மேல ரெண்டே கார்டுல ஒரு ஆட்டம் வரும், நடுவுல அவர் முனகறதும் காலால தரைய உதைக்கறதும் கேக்கும். ரெண்டாவது பகுதி எனக்கு கொஞ்சம் இழுத்த மாதிரி பட்டுச்சு, உண்மைய சொல்லணும்ல, ஆனா கடைசியில தனியா நிக்கற ஏழு நிமிஷப் பாட்டு அதுக்கு ஈடு கட்டிடுது.

முனகல்னதும் ஞாபகம் வர்றது பியானோ கலைஞர் க்ளென் கூல்ட். பாஹோட கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ அவர் ரெண்டு தடவ ஆல்பமா பண்ணாரு. ரெண்டையும் அடுத்தடுத்த ராத்திரி கேளுங்க, இந்த மொத்த ஏழெட்டு மாசத்துல எனக்கு கெடச்ச பெரிய பரிசு அது தான். முதலாவது 1955 ஜூன், அவருக்கு 22 வயசு, நியூயார்க் 30வது தெருவுல கொலம்பியா ஸ்டூடியோ, சர்ச்சா இருந்த கட்டடம். நாலு வருஷம் கழிச்சு கைண்ட் ஆஃப் ப்ளூவும் அதே ரூம்ல தான், டேவ் ப்ரூபெக்கோட டைம் அவுட்டும் அதே வருஷம் அதே ரூம்ல தான், தகிட தகன்னு அஞ்சு எண்ணிக்கையில போற டேக் ஃபைவ் அதுல தான் இருக்கு. அந்த ஒசந்த கூரை ஒவ்வொரு ஆல்பத்துலயும் கேக்குதுன்னு எனக்கு ஒரு நம்பிக்கை.

1955ல ஒரு ஆரியா (மூல மெட்டு), 30 மாறுதல், திரும்ப அதே ஆரியா, மொத்தத்தையும் 38 நிமிஷத்துல பறந்துடறாரு. வேகமான மாறுதல்கள்ல விரல் எத்தனன்னு சந்தேகம் வரும், ரொம்ப அழகு, இளமையோட திமிரு. 1981ல திரும்ப அதே ஸ்டூடியோவுக்கு வர்றாரு, அந்த ஸ்டூடியோ மூடப் போற வருஷம். இப்ப 51 நிமிஷம். முதல் ஆரியா முன்னாடி ரெண்டு நிமிஷத்துக்குள்ள முடிஞ்சுது, இப்ப மூணு நிமிஷம், ஒவ்வொரு சுரமா கையில எடுத்து பாத்துட்டு கீழ வெக்கற மாதிரி. எதுல ஆரம்பிக்கணும்னு கேட்டா 1955, எத வெச்சுக்கணும்னு கேட்டா 1981. வாசிக்கும்போது கூடவே அவர் பாடிட்டே இருப்பாரு, மைக்ல விழும், அவரால நிறுத்த முடியாது, முதல் தடவ கேக்கறவங்களுக்கு யாரோ பக்கத்து ரூம்ல முனகற மாதிரி இருக்கும், சிலருக்கு எரிச்சலே வரும்னு படிச்சேன். எனக்கும் முதல் ராத்திரி கொஞ்சம் தொந்தரவா தான் இருந்துச்சு. அப்புறம் பாத்தா பியானோ சொல்லாம விடற சுரத்த அந்த முனகல் சொல்லுது, மனசுல கேட்டதுக்கும் விரல்ல வந்ததுக்கும் நடுவுல இருக்கற மிச்சம் அது. இந்த ரெண்டாவது ஆல்பம் கடைக்கு வந்தது 1982 செப்டம்பர்ல, அக்டோபர் 4 அவர் போயிட்டாரு, 50 வயசு. இப்ப இருக்கற டெக்னாலஜில அந்தக் குரல மட்டும் தனியா எடுத்துட்டு சுத்தமான பியானோவா யாராச்சும் பண்ணிக் குடுத்தா கூட எனக்கு வேணாம்.